ரோட்டைக் குறை சொன்னேன்

உயரம் குறைத்து இறக்கிய கார் வைத்திருக்கும் தம்பிமார் ஷொக் அப்சோபர் மாற்றும் காலம் வந்தால் என்னிடம் யோசனை கேட்பார்கள். உடப்புசல்லாவையிலிருந்து இராகலை வரை எனக்கு அப்படி ஒரு பெயர். "ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டு, ஸ்டாண்டர்ட் ஷொக்கையே போடு, ஒன்றும் ஆகாது" என்பேன். அது பிழை. பிழை என்று தெரிந்த பின்னும் வாய் கூசாமல் அதையே சொன்னேன். இந்த ஒப்புதல் முதலில் அந்தத் தம்பிமாருக்கு.

காரை இறக்கும் ஆசை எனக்கு வந்த இடம் நுவரெலியா. ஏப்ரல் சீசனில் அங்கே நடக்கும் மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. சிறு வயதில் தேயிலைச் சரிவில் நின்று அதைப் பார்த்தவன் நான். தரையோடு தரையாக வளைவைப் பிடித்து ஏறிய கார்கள் மனதில் நின்றுவிட்டன. உழைத்து ஒரு கொரொல்லா 110 வாங்கியதும் நான் செய்த முதல் வேலை, நான்கு ஸ்பிரிங்கையும் வெட்டியதுதான். போட்டிக் கார் ஓடுவது பார்த்துப் பழகிய ஒரு சின்ன ஏற்றத்தில். அதன் ஸ்பிரிங்கும் ஷொக்கும் அந்த ஏற்றத்துக்கென்றே சேர்த்துப் பொருத்தப்படுபவை. என் கார் போக வேண்டியதோ மழைக்குத் தார் கரையும் தோட்ட ரோட்டிலும், கந்தப்பளை வளைவுகளிலும். அந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை.

காரைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது ஷொக். சில்லு மேலே எழும்ப எட்டு சென்டிமீட்டர் இடமுள்ள காரை ஐந்து சென்டிமீட்டர் இறக்கினால் மிஞ்சுவது மூன்றுதான். ஒவ்வொரு குழியிலும் ஷொக் அடிமட்டத்துக்குப் போய் ரப்பரில் இடிக்கும். அந்த அடியில் உள்ளே வால்வு கெடும், சீல் கசியும். வெட்டிய ஸ்பிரிங்கில் சுற்று குறைவதால் அது முன்னையைவிட இறுகியும் போகும். இறுகிய ஸ்பிரிங் திரும்பி எழும்பும்போது அதைப் பிடித்து நிறுத்த, ஸ்டாண்டர்ட் ஷொக்கின் பலம் போதாது. கார் துள்ளும், டயர் தரையை விடும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஸ்பிரிங் குட்டையாகி ஷொக் மட்டும் பழைய நீளத்தில் இருந்தால், சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் தன் தட்டில் இறுகி உட்காராது. கராஜில் காரைத் தூக்கியபோது பாஸ் என் காரின் பின் ஸ்பிரிங்கைக் கையால் சுற்றிக் காட்டினார். அது இலேசாகச் சுழன்றது. "இதோடயா பள்ளம் இறங்குறீங்க?" என்று கேட்டார். அன்றைக்கே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஷொக் மாற்ற வேண்டிய வேளையில் காசு இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பாதி உண்மை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பழைய காரையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள், சாமான் விலை கைக்கெட்டவில்லை. இறக்கிய காருக்கென்று உடலும் தண்டும் குறைத்துச் செய்த ஷொக் என் வசதிக்கு மேல்தான். ஆனால் பஞ்சிகாவத்தையில் வெட்டாத ஸ்பிரிங் ஒரு செட்டும், நல்ல நிலையிலுள்ள ஸ்டாண்டர்ட் ஷொக் நான்கும் என் கைக்காசுக்குள் கிடைத்தன. வாங்கினால் கார் உயர்ந்துவிடும். பொடியன்கள் முன்னால் உயர்ந்த காரில் போக எனக்கு மனம் வரவில்லை. அதே காசுக்குப் பழைய நீளத்தில், இன்னும் கெட்டியான, நிறம் பூசிய ஷொக்கை வாங்கி வந்து பூட்டினேன். ஊர் பார்க்கட்டும் என்று செய்தேன்.

அந்தக் காரில்தான் அம்மாவை நுவரெலியா கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். காலமெல்லாம் கூடை சுமந்து கொழுந்தெடுத்த முதுகு அது. ஒவ்வொரு மதகிலும் கார் இடித்தது. அம்மா கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. அடுத்த மாதம் நான் சாவியை எடுத்தபோது, "நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன் சாமி, அது இம்புட்டுக் குலுக்காது" என்றார். "ரோடு அப்படிம்மா, நான் என்ன செய்ய?" என்றேன். பாஸ் ஸ்பிரிங்கைச் சுற்றிக் காட்டியது அதற்கு முன்பே நடந்தது. தெரிந்தே அம்மாவிடம் பொய் சொன்னேன்.

பிறகு, என் பேச்சைக் கேட்டு ஸ்பிரிங் வெட்டிய தம்பி ஒருவனின் கார் கார்த்திகை மழையில் அல்கரனோயா பக்கம் வழுக்கிக் கானுக்குள் இறங்கியது. தெய்வாதீனமாக யாருக்கும் அடியில்லை. "அண்ணே, ஷொக் சரியில்லையோ?" என்று வந்து கேட்டான். "நீ வேகமாப் போயிருப்ப" என்று அனுப்பிவிட்டேன். அவன் தலைகுனிந்து போனான். என் பெயரைக் காப்பாற்ற அவன் மேல் பழியைப் போட்டேன். என் குற்றங்களில் பெரியது இதுதான்.

இப்போது என் கார் ஸ்டாண்டர்ட் உயரத்தில் நிற்கிறது. அந்தத் தம்பியிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். அம்மாவிடமும் சொன்னேன்.

மற்றவர்களுக்கு இங்கே சொல்கிறேன். ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். இறக்கியே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று செய்த ஸ்பிரிங்கையும், அதற்கேற்ற குட்டை ஷொக்கையும் சேர்த்து வாங்குங்கள். ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனி ஸ்டாண்டர்ட் உயரத்துக்கு பி6 என்றும், இறக்கிய காருக்கு பி8 என்றும் தனித்தனியே ஷொக் செய்கிறது. இரண்டும் ஒன்றென்றால் இரண்டு வகை எதற்கு? ஷொக்கை எப்போதும் சோடியாக மாற்றுங்கள், இடிக்கும் ரப்பரையும் புதிதாகப் போடுங்கள். அவ்வளவுக்கு வசதியில்லையென்றால் காரை அதன் உயரத்திலேயே விடுங்கள். நம் லயங்களில் ஒருவரிடம் கார் இருந்தால் பிள்ளைத்தாய்ச்சியும் நோயாளியும் அதில்தான் ஆஸ்பத்திரி போகிறார்கள்.

என் பேச்சை நம்பி ஸ்பிரிங் வெட்டியவர்கள் காரோடு என்னிடம் வாருங்கள். வெட்டாத ஸ்பிரிங் தேடப் பஞ்சிகாவத்தைக்கு நானும் கூட வருகிறேன். பூட்டும் கூலி என்னுடையது.