தூக்கம் வரும் நிலம்

பிரசங்கியார் "லூக்கா பத்தாம் அதிகாரம், முப்பத்தெட்டாம் வசனம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கோயிலில் பாதிப் பேர் குனிந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் தாள் புரளும் சத்தம் கேட்கும். பழைய ஏற்பாட்டுக்குள் வழிதவறிப்போய்ப் பக்கத்தில் இருப்பவரின் பக்க எண்ணை எட்டிப் பார்க்கிற சிறுவர்கள் இருப்பார்கள். இப்போது சத்தமே இல்லை. கைபேசியில் வேதாகமம் திறக்கிறது, வசனம் வருகிறது, வசனத்தின் தலைமேலேயே ஒரு செய்தியும் வந்து உட்காருகிறது: குடும்பக் குழுவில் யாரோ மீன்குழம்புப் படம் போட்டிருக்கிறார்கள். மார்த்தாள் பற்பல வேலைகளில் அலைக்கழியும் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான படவிளக்கம் கிடைக்காது.

கடைசிக் காலம் என்று தலையாட்டும் பெரியவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. உலகம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது, இனி மனுஷன் எங்கே ஜெபிக்க என்பது அவர்கள் கவலை. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மனம் சிதறுவதற்குக் கைபேசி ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்த ஜான் டன், 1626 டிசம்பரில் ஒரு பெரிய வணிகரின் அடக்க ஆராதனையில் பிரசங்கிக்கும்போது தன் ஜெபத்தின் லட்சணத்தைச் சபையார் முன்னால் போட்டு உடைத்தார். அறைக்குள் போய்க் கடவுளையும் தூதர்களையும் கூப்பிடுகிறாராம். அவர்கள் வந்ததும், ஒரு ஈயின் ரீங்காரத்துக்காகவும் தெருவில் போகும் வண்டியின் கடகடப்புக்காகவும் கதவு கிறீச்சிடுவதற்காகவும் அவர்களை அப்படியே விட்டுவிடுகிறாராம். இங்கிலாந்து கண்ட பெரிய பிரசங்கிகளில் ஒருவர், பெரிய கவிஞரும்கூட. அவரைக் கவிழ்க்க ஒரு ஈ போதுமாயிருந்தது.

அவருக்கும் 1200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் பாலைவனத்தில் ஈவாக்ரியுஸ் என்று ஒரு துறவி. கான்ஸ்டான்டிநோபிளின் பதவியையும் பகட்டையும் உதறிவிட்டு வந்து, 399இல் இறக்கும்வரை அந்த மணலிலேயே கிடந்தவர். உலகத்தை விட்டு அதற்கு மேல் ஓட இடமில்லை. அங்கேயும் மனம் எப்படிப் பிய்த்துக்கொண்டு போகிறது என்று அவர் எழுதிவைத்திருப்பதைப் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. முற்பகலில் அது தொடங்குகிறது. சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றுகிறது. துறவி சன்னலைப் பார்க்கிறார். வெளியே வந்து, சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலைப் பார்க்கிறார். யாராவது வருகிறார்களா என்று வழியைப் பார்க்கிறார். பிறகு இந்த இடமே சரியில்லை, வேறிடம் போனால் நன்றாயிருக்கும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. நம் வேதாகமத்தில் 91ஆவதாக இருக்கும் சங்கீதத்திலிருந்து பெயரெடுத்து, இதை மத்தியானப் பிசாசு என்றார்கள். அலுவலகத்தில் பதினொன்றரை மணிக்குக் காரணமில்லாமல் கைபேசியை எடுத்துப் பார்க்கிறவருக்கு இந்தப் பிசாசைத் தனியே அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஈவாக்ரியுஸின் வழியில் வந்த யோவான் காசியன், 5ஆம் நூற்றாண்டில் மார்செய்ல் நகரத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி இன்னும் விரிவாக எழுதினார். எனக்கு உறைத்தது அவர் சொன்ன ஒரு செய்திதான். இந்தப் பிசாசு வெறும் சோம்பலோடு வருவதில்லை, பக்தியான யோசனைகளையும் கொண்டுவருகிறது. நோயாளி ஒருவரைப் போய்ப் பார்த்துவரலாமே, ஆதரவில்லாத அந்த அம்மாவுக்கு ஏதாவது செய்துகொடுக்கலாமே, சும்மா அறைக்குள் உட்கார்ந்திருப்பதைவிட அது நல்ல ஊழியம் அல்லவா என்று கேட்கிறது.

உலகம் என்று சொல்லும்போது நாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம்: சினிமா, கிரிக்கெட், நகைக்கடை விளம்பரம், பக்கத்துவீட்டுக்காரர் வாங்கிய புதுக் கார். கோயில் காம்பவுண்டுக்குள் நடப்பது எதுவும் அந்தப் பட்டியலில் வராது. எங்கள் தெற்குச் சீமையில் பிரதிஷ்டைப் பண்டிகை நெருங்கினால், அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி, எத்தனை ஆடு, பந்தி விசாரிப்பு யார் கையில் என்பதிலேயே நாட்கள் கரைந்துபோகும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாருக்கு இரண்டு குடும்பங்கள் மாறி மாறி விலையை ஏற்றும். காணிக்கைக்கு லாபம்தான், ஆனால் அங்கே ஏறுவது விலை மட்டுமில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் தெரியும். திருமண்டலத் தேர்தல் வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம். குருவானவர் ஆசீர்வாதம் கூறக் கையை உயர்த்தும்போதே பலர் மனத்தில் வாக்கு எண்ணிக்கை தொடங்கியிருக்கும். எல்லாம் ஊழியம் என்ற பெயரில்.

மார்த்தாள் அலைந்ததும் வீட்டுக்கு வந்திருந்த இயேசுவுக்காகத்தான். எனக்கு அவள்மேல் பரிவு உண்டு. எல்லாரும் மரியாளாக உட்கார்ந்துவிட்டால் சோறு எங்கிருந்து வரும் என்று கேட்கிற பெண்களுக்கு இன்றுவரை யாரும் சரியான பதில் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய ஆண்கள் பந்தியில் முதல் வரிசையில் இருப்பதால். ஆனால் அந்தப் பகுதியை ஊன்றிப் படித்தால், சமைத்ததற்காக அவளை ஒருவரும் குறைசொல்லவில்லை. வந்தவரை விட்டுவிட்டு, வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிற தங்கைமேல் அவள் கண் போய்விட்டது. கமிட்டி வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பார்வை நன்றாகவே பழக்கம்.

மோட்சப் பிரயாணம் ஒரு காலத்தில் நம் வீடுகளில் வேதாகமத்துக்கு அடுத்தபடியாக இருந்த புத்தகம். அதை எழுதிய ஜான் பன்யன் பெட்போர்டில் ஊர் ஊராகப் பாத்திரம் பழுதுபார்த்து வந்தவர், அனுமதியில்லாமல் பிரசங்கம் பண்ணியதற்காக 1660 முதல் பன்னிரண்டு வருஷம் சிறையில் இருந்தவர். புத்தகம் வெளிவந்தது 1678இல். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில் 1827இல் பிறந்து, வைணவராக வளர்ந்து, முப்பதை ஒட்டிய வயதில் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அதைக் கம்பன் வழியில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியமாக்கினார். மூவாயிரத்துக்கும் அதிகமான பாடல்கள், 1894இல் நூலாக வந்தது. இன்று அதைத் தமிழ் எம்.ஏ. படிக்கிறவர்கள் தேர்வுக்காகத் தொடுகிறார்கள், சபையார் தொடுவதில்லை என்பது வேறு கதை.

கதை தெரிந்த எல்லாருக்கும் மாயாபுரிச் சந்தை நினைவிருக்கும். வீடும் நிலமும் பட்டமும் பதவியும் இன்பமும் வருஷம் முழுக்க விற்பனையாகும் ஊர். பரம பட்டணத்துக்குப் போகிற வழி அந்தக் கடைத்தெருவுக்குள்ளேயேதான் போகிறது, சுற்றிப் போகப் பாதை கிடையாது என்று பன்யன் எழுதினார். ஊரைவிட்டு ஒதுங்கினால்தான் பரிசுத்தம் என்று நினைத்தவர்களுக்கு அது நல்ல பதில். ஆனால் நம் பிரசங்கங்கள் அநேகமாக அந்தச் சந்தையோடு நின்றுவிடுகின்றன. அங்கே கதையின் பயணியான கிறிஸ்தியானுக்கு வந்தது உயிராபத்து. அவனோடு வந்தவனை எரித்தே கொன்றார்கள். ஆனாலும் அவன் மனம் கலையவில்லை. இரைச்சலும் எதிர்ப்பும் இருக்கும் இடத்தில் மனுஷன் தானாகவே விழிப்பாக இருக்கிறான்.

எனக்குப் பயம் அந்தச் சந்தையைப் பற்றி அல்ல. பிரயாணம் முடியப்போகிற கட்டத்தில் ஒரு மயக்க நிலம் வருகிறது. அங்கே யாரும் எதையும் விற்கவில்லை. சிங்கமில்லை, சிறையில்லை, ராட்சசன் இல்லை. காற்று அப்படி, நடக்கிறவர்களுக்குக் கண் சொருகுகிறது. இப்போது கூட வரும் வேறொரு தோழன் சற்றே படுத்து எழுந்து போகலாமா என்று கேட்கிறான். 1684இல் எழுதிய இரண்டாம் பாகத்தில் பன்யன் அந்த நிலத்தில் மஞ்சம் போட்ட ஒரு நிழல் பந்தலையும் வைத்திருக்கிறார். அதைத் தாண்டி இன்னொரு பந்தலில் இரண்டு பேர் படுத்துக் கிடக்கிறார்கள். உலுக்கினாலும் எழவில்லை, ஆனால் கேட்டதற்குத் தூக்கத்திலேயே ஏதோ பதில் சொல்கிறார்கள்.

கைபேசியைச் சந்தை என்று திட்டுகிறோம். எனக்கு அது அந்த மஞ்சமாகத்தான் படுகிறது. நாள் முழுக்க உழைத்த ஒருவர் இரவு பத்து மணிக்குச் சாய்ந்துகொண்டு அதைத் திறக்கிறார். பாவமான எதையும் அவர் பார்க்கவில்லை. ஒரு பிரசங்கத் துண்டு, ஒரு பாட்டு, ஒரு சாட்சி. ஒன்று முடிந்தால் அடுத்தது கூப்பிடாமலே வருகிறது. நாற்பது நிமிஷம் கழித்து என்ன கேட்டீர்கள் என்றால் ஒன்றும் தேறாது. காலையில் எழுந்ததும் வாக்குத்தத்தப் படத்தை ஐந்து குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, அதில் என்ன வசனம் என்று பார்க்காமலே பல்துலக்கப் போகிறவர்களும் இதே கட்சிதான். தூங்கிக்கொண்டே பதில் சொன்ன அந்த இரண்டு பேருக்கும் இன்று குழு நிர்வாகிப் பதவி கிடைத்திருக்கும்.

லெந்து நாட்களில் கைபேசியை ஒதுக்கி வைக்கிற விரதம் இப்போது பரவிவருகிறது. நல்ல பழக்கம். ஈஸ்டர் திங்களன்று விட்ட பாக்கியையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிடுகிறோம் என்பதுதான் சங்கடம்.

வேதாகமம் தூங்குகிறவர்களிடம் காட்டுகிற பொறுமை ஆச்சரியமானது. துரோவாவில் பவுலின் பிரசங்கம் நடுராத்திரி வரை நீண்டபோது, சன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். அந்த மேல்வீட்டில் விளக்குகள் நிறைய எரிந்தன என்று லூக்கா குறிப்பிடுகிறார். பவுல் இறங்கி வந்தார், அவனை அணைத்துக்கொண்டார், உயிர் இருக்கிறது என்றார். பிறகு மேலே போய் அப்பம் பிட்டு, விடியும்வரை பேசினார். பிரசங்கம் நீளுகிறது என்று முணுமுணுக்கிறவர்களுக்கும் நீட்டுகிற குருமாருக்கும் ஒரே பகுதியில் ஆறுதல். தூங்கினாயே என்று யாரும் ஐத்திகுவைத் திட்டியதாக எழுதப்படவில்லை. கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கியதற்கு லூக்கா ஒரு காரணமும் சொல்கிறார்: துக்கம். அதைப் படித்த பிறகு, இரவெல்லாம் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறவர்களை எனக்குச் சட்டென்று குறைசொல்ல வரவில்லை. அவர்களில் பலருக்கு உலக ஆசை ஒன்றும் பெரிதாக இல்லை. தாங்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது.

சரி, விழித்திருக்க என்ன வழி? இடத்தை விட்டு நகராதே, கைக்கு வேலை கொடு என்றார்கள் பாலைவனத்துத் துறவிகள். காசியன் சொல்லும் பவுல் என்கிற துறவி (நம் அப்போஸ்தலர் அல்ல) ஊரிலிருந்து ஏழு நாள் பயணத்துக்கு அப்பால் இருந்தார். தினமும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்துப் பேரீச்ச ஓலை சேர்ப்பார். விற்கக் கொண்டுபோனால் வண்டிக்கூலிக்கே கட்டாது. குகை நிறைந்ததும் வருஷக் கடைசியில் அத்தனையையும் கொளுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். குகை உள்ளவர்களுக்கு அருமையான வைத்தியம். வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுகிறவர்களுக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட ஓடுகிறவர்களுக்கும் பன்யனின் வைத்தியம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. மயக்க நிலத்தில் கிறிஸ்தியான் பெரிய விரதம் ஒன்றும் இருக்கவில்லை. தோழனுக்குப் பேச்சுக் கொடுத்தான். இந்த விசுவாசம் உனக்கு முதன்முதலில் எப்படி வந்தது, சொல் என்று கேட்டான். அவன் சொல்லச் சொல்ல இவன் குறுக்கே கேள்வி கேட்டான். பேசியே அந்த நிலத்தைக் கடந்துவிட்டார்கள்.

என் பெரியம்மை உபதேசியார் மகள். ஞாயிறு மத்தியானம் சோறு போடுமுன் பிள்ளைகளை வரிசையாக விசாரிப்பாள். "ஐயரு இன்னைக்கு என்னல சொன்னாரு?" இயேசப்பாவைப் பத்தி என்று சொல்லித் தப்ப முடியாது. "அது எல்லா வாரமும் சொல்லுததுதான. இன்னைக்கு என்ன சொன்னாரு?" ஒருமுறை சின்னவன், ஐயரின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்ததைத் தவிர வேறொன்றும் ஞாபகமில்லை என்றான். பெரியம்மை கோபிக்கவில்லை. "எந்த வசனம் வாசிக்கும்போதுல விழுந்துச்சி?" என்று கேட்டாள். அவன் யோசித்தான். எங்களுக்கெல்லாம் பசி. வசனம் வந்த பிறகுதான் குழம்பு வந்தது. படிக்காத பெண்ணுக்கு அந்தக் கேள்வியை யார் சொல்லிக்கொடுத்தார்களோ! பிரசங்கிகள் சபையைப் பார்த்து எத்தனையோ கேள்வி கேட்கிறார்கள், பதிலுக்காகக் காத்திருக்கிறவர் அபூர்வம்.

ஜெபக்கூட்டம் முடிந்து டார்ச் வெளிச்சத்தில் பேசிக்கொண்டே நடந்த காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட எனக்கு விருப்பமில்லை. அந்த நடையில் பிரசங்கமும் பேசினார்கள், ஊர்வம்பும் பேசினார்கள், தேர்தல் கூட்டணிகளும் அங்கேதான் உருவாயின. பேச்சு எல்லாப் பக்கமும் போகக்கூடியது. ஆனால் எதிரில் ஒருவர் முகம் இருந்தால் முழுத் தூக்கத்துக்கு வழியில்லை. நாம் சொன்னது பிசகினால் அவர் புருவம் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் தெருவில் புதன்கிழமை வீட்டு ஜெபம் முடிந்ததும் சிலர் சேர்ந்து கடைமுனை வரை நடக்கிறோம். பேச்சில் பாதி சர்க்கரை மாத்திரை, மீதியில் பாதி மருமகள்கள். கூட வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குக் காது மந்தம். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்து உரக்கச் சொல்லியாக வேண்டும். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார். அவர் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, கூட்டத்தில் இருக்கும்போதே நாங்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்டு வைத்துக்கொள்கிறோம். அடுத்த மாதம் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறானாம், நல்லதாக ஒரு காது மெஷின் வாங்கிவருகிறானாம். சார் சந்தோஷமாகச் சொன்னார். நாங்களும் சந்தோஷம் என்றுதான் சொன்னோம், உள்ளுக்குள் கொஞ்சம் கலக்கத்தோடு.