இரண்டாவது துப்பாக்கி

உரிமம் பெற்று இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடும் ஒருவர், அச்சு அசலாக அதே போன்ற இன்னொன்றையும் வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டுமா? சுண்ணக்கட்டியைத் தவிர வேறு ஆயுதம் ஏந்தியறியாத ஒரு தமிழாசிரியன் இப்படியொரு கேள்வியை எழுப்புவது நண்பர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் தமிழில் முதுகலை படித்தவனுக்குக் குடும்பத்தில் ஒரு நிரந்தர உத்தியோகம் உண்டு. மனு எழுதித் தருவது. பட்டா மாறுதல், மின்கம்பம் நகர்த்தல், கருமாதிப் பத்திரிகை என்று நீளும் அந்த வரிசையில்தான் இந்தக் கேள்வியும் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

கொண்டு வந்தவர் என் தாய்மாமன். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறி வைத்திருப்பவர். அந்தப் பகுதியில் பலரும் நெய்வது காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி, மாமாவும் அதுதான். 1996-ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு, கூலிப் பணத்தோடு வந்தவரை வழியில் மூன்று பேர் மறித்தார்கள். பணம் போயிற்று. இடது தோளில் அரிவாள் வெட்டு. தம்முடைய தறியில் நெய்த துணியையே தமக்குக் கட்டிக்கொண்ட ஒரே முதலாளி நான்தான் என்று பிற்பாடு அவர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. மறு ஆண்டு உரிமம் பெற்றார். கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட, ஆறு குண்டு கொள்ளும் .32 ரிவால்வர். இத்தனை ஆண்டுகளில் ஒரு மனிதனை நோக்கி அதை அவர் நீட்டியதே இல்லை. ஆனால் வேட்டிக்கு மேல் பெல்ட்டும் உறையும் இல்லாமல் அவர் வாசலைத் தாண்டியதும் இல்லை.

அந்த ரிவால்வரின் விசை இறுகிப்போனது. மதுரையில் உரிமம் பெற்ற கடை ஒன்றில் பழுதுபார்க்கக் கொடுத்தார். நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளும் அவர் இரவில் இரண்டு முறை எழுந்து வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார் என்று அத்தை சொன்னாள். அதன் பிறகுதான் இரண்டாவது துப்பாக்கி என்ற எண்ணம் முளைத்தது.

"மாப்ளே, தறியில ஒரு மோட்டார் போச்சுன்னா மறு மோட்டாரு தயாரா இருக்கு. உயிருக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணுதானா? நீயே சொல்லு."

இது ஆலை ஊரின் தர்க்கம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலம் முதல் எங்கள் ஊர் எந்திரங்களோடு வாழ்ந்து வருகிறது. ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் மொத்த வரிசையும் நிற்கும் என்பதை அறிந்தவர்கள் எங்கள் ஆட்கள். 'ஸ்பேர் இருக்கா?' என்பது இங்கே குழந்தைகூடக் கேட்கும் கேள்வி. மாமாவின் பேச்சில் இன்னொரு நுட்பமும் இருந்தது. வேறு ரகம் வேண்டாம், அதே ரகம்தான் வேண்டும் என்றார். அதே தோட்டா, அதே உறை, அதே கனம், விரலுக்குப் பழகிய அதே விசை. பதற்றத்தில் மூளை யோசிக்காது, கை மட்டும்தான் யோசிக்கும் என்றார். 1791-ஆம் ஆண்டின் திருத்தம் வழியாக ஆயுதம் வைத்திருப்பதை அரசியலமைப்பு உரிமையாகவே கொண்டிருக்கும் அமெரிக்காவில், அன்றாடம் துப்பாக்கி சுமப்பவர்கள் இரட்டைக்குச் சொல்லும் காரணமும் ஏறக்குறைய இதுவே. அதோடு இன்னொன்றும் சொல்வார்கள்: தற்காப்புக்காகச் சுட நேர்ந்தால் காவல்துறை அதைச் சாட்சியப் பொருளாக எடுத்துக்கொண்டு போய்விடும், அன்றிரவு கையில் எதுவும் இருக்காது.

வாதம் வலுவானது. எழுதித் தர உட்கார்ந்தேன். விண்ணப்பம் இப்போது இணையவழிதான். ஆனாலும் காரணத்தை விளக்கும் மனு ஒன்றை நல்ல தமிழில் கூடவே வைக்க வேண்டும் என்பது மாமாவின் விருப்பம். 'ஏன் வேண்டும்?' என்ற கேள்விக்கு நேர்மையாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். சட்டத்தைப் படிக்காமல் அதை எழுத முடியாது.

ஒருவன் எத்தனை ஆயுதம் வைத்திருக்கலாம் என்பது நம் மண்ணுக்குப் புதிய கேள்வி அன்று. சேத்தூரும் சிவகிரியும் நெற்கட்டான்செவ்வலும் பாளையங்களாக இருந்த நிலம் இது. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. 1878-இன் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. விடுதலைக்குப் பின் 1959-இல் புதிய சட்டம் வந்தது. 1983-இன் திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்று வரம்பு கட்டியது. 2019-இல் அது இரண்டாகக் குறைந்தது. அந்த மசோதா முதலில் சொன்னது ஒன்றே ஒன்று. எதிர்ப்பு எழுந்த பிறகே இரண்டு என்று இறங்கி வந்தார்கள். மூன்றாவதை வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஆக, மாமா கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கடைசி இடம்.

ஆனால் இடம் இருப்பது வேறு, பயன் இருப்பது வேறு. முதல் துப்பாக்கி கையில் இல்லாமல் போகும் சந்தர்ப்பங்கள் என்னென்ன என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்.

பழுது: மறுக்க முடியாத காரணம். இரண்டாவது அப்போது உதவும்.

தேர்தல்: நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் உரிமதாரர்களிடம் ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2019, 2021, 2024 என்று மாமா மூன்று முறையும் கொடுத்து ரசீது வாங்கி வந்திருக்கிறார். இரண்டு இருந்தால் இரண்டையும் கொடுக்க வேண்டும்.

வழக்கு: உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தண்டனைச் சட்டம் எப்போதும் ஒப்புக்கொண்டே வந்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதற்கே உரியவை. ஆனால் சுட்டவர் மீது விசாரணை நடக்கும். ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி உரிமத்தையே நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். அப்போது அலமாரியில் இருக்கும் இரண்டாவதைத் தொடுவதே குற்றமாகிவிடும்.

காலாவதி: உரிமத்தின் ஆயுள் 2019 வரை மூன்றாண்டு, இப்போது ஐந்தாண்டு. புதுப்பிக்கத் தவறினால் இரண்டும் ஒரே நாளில் சட்டவிரோதம். இன்றைய முறையில் ஒருவருக்கு ஒரே அடையாள எண். அவர் வைத்திருப்பவை எல்லாம் அதன் கீழ்தான்.

பட்டியலைப் படித்தபோது எனக்குப் புலப்பட்டது இதுதான். இரண்டாவது மோட்டார் தறிக்கு உதவுவது ஏன்? முதல் மோட்டார் எரியும்போது அது எரிவதில்லை என்பதால். ஒன்றின் கேடு மற்றதைத் தொற்றாத வரையில்தான் மாற்று என்பது மாற்று. இங்கேயோ நான்கு சந்தர்ப்பங்களில் மூன்றில் இரண்டும் சேர்ந்தே போகின்றன. ஒரே கயிற்றில் இரண்டு வாளியைக் கட்டிக் கிணற்றில் இறக்குவது போன்ற பாதுகாப்பு இது. கயிறு அறுந்தால் எத்தனை வாளி என்பது கணக்கில் வராது. அமெரிக்கர் ஒருவருக்குப் பொருந்தும் கணக்கு ராஜபாளையத்துக்காரருக்குப் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். அவர்களுக்கு ஆயுதம் உரிமை. நமக்கு அது உரிமம். துப்பாக்கிகள் இரண்டானாலும் உரிமம் ஒன்று, அதற்குரிய மனிதனும் ஒருவன்.

மேலும், இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்கு ஒரு காவலாள் இருக்கிறான், அதைச் சுமப்பவன். அலமாரியில் இருக்கும் இரண்டாவதற்கு யார் காவல்? பத்திரமாக வைக்கும் ஏற்பாடு வீட்டில் இருக்கிறது என்று 2016-இன் விதிகள் உறுதிமொழி கேட்பது சும்மா இல்லை. மாமா வீட்டில் பள்ளி விடுமுறைக்கு வரும் பேரன்கள் மூவர். அவர்களுக்குத் தெரியாத சாவி எதுவும் அந்த வீட்டில் இல்லை.

இதையெல்லாம் சொன்னபோது மாமா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க புலவருங்க இதப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" என்றார் கேலியாக. சொல்லியிருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியில் ஆண்டுதோறும் நான் பாடம் நடத்தும் புறநானூற்றின் 95-ஆம் பாடல். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையார் அவனது ஆயுதக் கொட்டிலைப் பார்க்கிறார். அங்கே எல்லாம் அலங்காரத்தோடு, எண்ணெய் பூசி, காவலுக்குள் பளபளக்கின்றன. அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலப் பழித்தலுக்கும் பழிப்பது போலப் புகழ்தலுக்கும் ஒரே பாட்டில் எடுத்துக்காட்டு என்று மாணவர்களுக்குச் சொல்வேன். மாமாவுக்கு அது வேறு விதமாகப் பட்டது. "பாத்தியா! அதியமானுக்கே ரிப்பேரு. அப்ப அவன் கையில என்ன இருந்துச்சு?"

இருபது ஆண்டுகளாக நடத்தும் பாடலில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி அது. அதியமானின் ஆயுதங்கள் உழைத்து முறிந்தவை. மாமாவின் ரிவால்வர் உழைக்காமலே, வியர்வையில் துருவேறி இறுகியது. ஆனால் பட்டறையில் ஆயுதம் கிடக்கும் நாளில் கையில் என்ன என்ற கேள்வி இருவருக்கும் பொது. பாடல் அதற்கும் விடை வைத்திருக்கிறது. அது ஆயுதங்களோடு முடிவதில்லை. இருக்கும்போது பிறருக்கு உணவளிப்பவன், இல்லாதபோது அவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து இருப்பதைப் பகிர்பவன் என்று அதியமானைச் சொல்லித்தான் முடிகிறது. வேல் இல்லாத நாளிலும் அவனைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் ஊரின் பெயர்க்கதையும் இதையே சொல்கிறது. மல்லி என்னும் அரசியின் மக்கள் வில்லி, கண்டன் என்ற வேடர் இருவர். காட்டுக்குப் போன கண்டனைப் புலி கொன்றது. அவனைத் தேடிப் போன வில்லி பின்னர் காடு திருத்தி எழுப்பிய ஊரே வில்லிபுத்தூர் என்பது தலபுராணம். 2021 முதல் அந்த மலைக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். வேடனான கண்டனிடம் அன்று ஆயுதம் இல்லாமலா இருந்திருக்கும்? அவனுக்கு இல்லாமல் போனது அந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள்.

மாமாவின் நிலையும் அதுவே என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. மகன் கோயம்புத்தூரில். சனிக்கிழமை இரவுகளில் அவர் தனியாகத்தான் வண்டி ஓட்டி வருகிறார். வலது கையில் இலேசான நடுக்கம் வந்திருக்கிறது. அதற்கு மாற்றுக் கை எந்தக் கடையிலும் இல்லை.

அவர் சொன்ன மறுப்பையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். "நீ சொல்றதெல்லாம் பகல்ல சரி மாப்ளே. ராத்திரி ரெண்டு மணிக்கு நாய் கொரைக்கும்போது உன் பட்டியல் என் தலைமாட்டுல இருக்காது." அதற்கு என்னிடம் விடை இல்லை. அரிவாள் தழும்போடு தூங்குகிறவருக்குத் தழும்பில்லாதவன் சொல்லும் தர்க்கம் எவ்வளவு தூரம் போகும்? அந்த நாய், 2005-இல் அஞ்சல் தலையிலேயே இடம்பெற்ற ராஜபாளையம் இனம். அதன் உரிமத்தை யாரும் நிறுத்தி வைக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். சிரித்தார்.

மனுவை எழுதிக் கொடுத்தேன். 'என் ரிவால்வர் பழுதுபார்க்கப் போகும் நாட்களில் பயன்படுத்த, அதே ரகத்தில் இன்னொன்று தேவைப்படுகிறது' என்ற ஒரே காரணம்தான் அதில் உண்டு. மற்றவை எதுவும் எழுத்தில் நிற்கவில்லை. வாசித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். இன்னும் அனுப்பவில்லை. இதற்கிடையே கூலியில் பெரும்பகுதி தொழிலாளர்களின் வங்கிக் கணக்குக்கே போகத் தொடங்கியிருக்கிறது. சனிக்கிழமைகளில் தறிக்கூட மேஸ்திரியின் மகன் வண்டியில் கூட வருகிறான்.

அத்தை சொன்ன ஒரு செய்தி என் மனத்தை விட்டு நீங்கவில்லை. 2024 தேர்தலுக்காக ரிவால்வரை ஒப்படைத்திருந்த வாரங்களில் மாமா ஒரு நாளும் இரவில் எழுந்திருக்கவில்லையாம். காரணம் கேட்டதற்கு, "எல்லாருதும் அங்கதானே கெடக்கு" என்றாராம். 1996-இன் அரிவாள்களை எந்தத் தேர்தலுக்கும் எவரும் ஒப்படைத்ததில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் தூங்கியிருக்கிறார்.