முதுகுச் சுமையின் கணக்கு

செப்டம்பர் 6

இடம் முடிவாகிவிட்டது: ஹர் கி தூன். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பள்ளத்தாக்கு. டேராடூனிலிருந்து சாங்க்ரி வரை ஒரு பகல் முழுக்கச் சாலைப் பயணம், அங்கிருந்து தாலுகா வரை ஜீப், அதன்பின் சுபின் ஆற்றையொட்டி நடை. அக்டோபர் முதல் வாரத்தில் கிளம்பினால், நடந்து போய்த் திரும்ப ஐந்து நாள். போகிறவர்கள் இருவர். மதுரையில் அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் அக்கா. கோவையில் பம்ப் மோட்டார் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட வருவார். அவரவர் மூட்டை அவரவர் முதுகில்.

டென்ட், ஸ்லீப்பிங் பேக், மழைக்கோட்டு, கம்பளி உடுப்பு ஆகியவற்றின் எடையில் பெரிதாகக் கை வைக்க முடியாது. கூட்டிக் குறைக்க இடமிருப்பது இரண்டில்தான்: சாப்பாடு, மின்சாரம். தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். சுடவைத்தால் போதும் என்கிற பொங்கல் பாக்கெட்டுகள், பெரிய பவர் பேங்க் இரண்டு, மடக்கும் சோலார் தகடு, கைப்பிடி வைத்த பவர் ஸ்டேஷன் ஒன்று. அக்கா ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி போட்டார். பொருள், எடை, அது தருவது. சாப்பாட்டுக்குக் கிராமுக்கு எத்தனை கலோரி. மின்சாரத்துக்குக் கிராமுக்கு எத்தனை வாட் ஹவர்.

செப்டம்பர் 7

முதலில் பொங்கல் பாக்கெட்.

சமைத்துப் பையில் அடைத்து, அழுத்தத்தில் சூடாக்கிக் கிருமி நீக்கிய உணவு இது. ஃப்ரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கெடாது. இந்திய ராணுவத்துக்காக இந்த முறையை வளர்த்தெடுத்ததில், 1961-ல் மைசூரில் தொடங்கிய பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல உணவுதான். ஆனால் 300 கிராம் பாக்கெட் பெரும்பாலும் 300 முதல் 400 கலோரிதான் தருகிறது. எடையில் பெரும்பகுதி தண்ணீர். நாள் முழுக்க ஏற்றத்தில் நடக்கிறவருக்கு 3,000 கலோரியாவது வேண்டும் என்று வைத்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் பாக்கெட் சுமக்க வேண்டும். ஆற்றங்கரையிலேயே நடக்கப்போகிறவர்கள் மதுரையிலிருந்து தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவானேன்?

அக்கா நோட்டில் எழுதிய எண்கள் எல்லாம் 100 கிராமுக்கானவை. பச்சரிசி, அவல் இரண்டும் 350 கலோரி சுற்றுவட்டாரத்தில், வடித்த சோறு 130, வெல்லம் 380, வேர்க்கடலை 560-க்கு மேல், கொப்பரை 650-க்கு மேல், நெய் 900-ஐ நெருங்குகிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஆகவே தண்ணீர் இல்லாத, கொஞ்சம் கொழுப்பு கலந்த உணவே முதுகுக்கு நல்லது. கொழுப்பு மட்டும் போதுமா என்றால், போதாது. மூச்சு வாங்கி ஏறும்போது உடம்பு சட்டென்று எரிப்பது மாவுச்சத்தைத்தான். உயரம் கூடக்கூட நெய்ப்பசை உணவு பலருக்கு இறங்காது.

செப்டம்பர் 13

தம்பி வார இறுதிக்கு மதுரை வந்துவிட்டார். அம்மா அடுப்படியில் பொருள்விளங்கா உருண்டைக்கு வறுத்துக்கொண்டிருந்தார். புழுங்கலரிசியும் பாசிப்பயறும் தனித்தனியாக, சிவக்கச் சிவக்க. அரைத்த மாவில் வேர்க்கடலையும் தேங்காய்ப் பல்லும் சுக்கும் ஏலமும் சேர்ந்தன. வெல்லப் பாகு கெட்டிப் பதம் வர, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுத் திரட்டி, தட்டில் போட்டுப் பார்த்தார். ‘ணங்’கென்று சத்தம் கேட்ட பிறகே மாவில் ஊற்றினார். சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும், உள்ளங்கை சிவந்துவிடும்.

“இதுல ஒண்ணு எத்தன கிராம்க்கா?”

“முப்பது வருதுடா. ஒரு நாளைக்கு ஆளுக்கு அஞ்சு வச்சுக்க.”

“தேங்காப் பல்லு கெட்டுப்போயிறாதா?”

“கருகாம நல்லா வறுத்துட்டா நிக்கும். ஈரந்தான் எமன்” என்றார் அம்மா.

இது வெறும் வீட்டு அனுபவம் இல்லை. நுண்ணுயிர்கள் வளர ஈரம் வேண்டும்; வறுப்பதும் பாகு காய்ச்சுவதும் அந்த ஈரத்தைப் பறித்துவிடுகின்றன. மலைக்கென்று வெளிநாட்டு எனர்ஜி பார் வாங்கி அடுக்குகிறவர்கள் ஒருமுறை இந்த உருண்டையையும் கடலை மிட்டாயையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும். கிராமுக்கு நாலு கலோரிக்குக் குறையாது, அடுப்பு வேண்டாம், நடந்துகொண்டே வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 14

இரவுச் சாப்பாடுதான் சிக்கலானது. உயரம் 300 மீட்டர் கூடும்போது தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை சுமார் ஒரு டிகிரி குறைகிறது. 3,500 மீட்டரில் 88 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். பார்க்கக் கொதிப்புதான், ஆனால் துவரம்பருப்பு அந்தச் சூட்டில் மசியாது. குக்கர் எடுத்துப்போனால் அதுவே ஒன்றரைக் கிலோ.

அதனால் வேகவைப்பது மதுரையிலேயே. சாதமும் பருப்பும் காய்கறியும் எண்ணெயில்லாமல் குழைய வேகவைத்து, மெல்லிசாகத் தட்டில் பரப்பி, மொட்டை மாடியில் மெல்லிய துணி போட்டு மூடிக் காயவைத்தார்கள். மிளகாய் வற்றலும் வடகமும் காய்ந்து பழகிய மாடி அது. மாலையில் மேகம் திரண்டதும் மீதி ஈரத்தை ஓவனில் குறைந்த சூட்டில் வாங்கினார்கள். தாளிப்பு கிடையாது, எண்ணெய் காயாது, இருந்தால் சிக்கு வாடை வந்துவிடும். கையில் எடுத்தால் சரசரவென்று உடைய வேண்டும், அதுதான் பதம். நெய் தனியாக, வாயகன்ற டப்பாவில். குளிரில் உறைந்தாலும் கரண்டியால் தோண்டி எடுக்கலாம்.

பட்டியல் ஒரு வழியாக நின்றது. காலையில் அவல், பால் பவுடர், வெல்லம், வேர்க்கடலை. நடக்கும்போது உருண்டை, கடலை மிட்டாய், பேரீச்சை, பிஸ்கட். இரவில் காய்ந்த பருப்புச் சாதத்தோடு நெய், புளிக்காய்ச்சல், ஊறுகாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 கிராம், கலோரி 3,000. ஐந்து நாளைக்கு மூன்றரைக் கிலோ.

செப்டம்பர் 20

மின்சாரம் தம்பியின் பாடம்.

பவர் பேங்க் மேல் 20,000 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. பெருக்கினால் 74 வாட் ஹவர். போனுக்குப் போவது 5 வோல்ட். மாற்றும்போது வெப்பமாகவும் கேபிளிலும் கொஞ்சம் போய்விட, கைக்கு வருவது மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று இன்னொரு எண் இருக்கும். கடையில் பார்க்க வேண்டிய எண் அது.

தேவை எவ்வளவு? இன்றைய போன் பேட்டரி ஒன்று 19 வாட் ஹவர் சுமார். சாங்க்ரியைத் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. சிக்னல் தேடித் தேடியே போன் காலியாகும் என்பதால் ஏர்ப்ளேன் மோடில் போட வேண்டும். அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் போதும். அப்படிப் பயன்படுத்தினால் நாளைக்கு 7 வாட் ஹவர். இரண்டு போன், ஐந்து நாள்: 70. கிளம்பும்போது போன்களிலேயே 38 இருக்கிறது. ஹெட்லேம்புக்கும் சேர்த்து வெளியிலிருந்து 40 தேவை. இரண்டு பெரிய பவர் பேங்க் எதற்கு? 10,000 எம்ஏஎச்சில் ஆளுக்கு ஒன்று, தலா 200 கிராம். ஒன்று ஆற்றில் விழுந்தாலும் இன்னொன்று இருக்கும்.

நோட்டின் இரண்டு பக்கங்களையும் ஒரே அளவைக்குக் கொண்டுவந்து பார்த்தார் அக்கா. ஒரு உணவுக் கலோரி, அதாவது ஒரு கிலோ கலோரி, என்பது 1.16 வாட் ஹவர். நூறு கிராம் வேர்க்கடலையில் 650 வாட் ஹவர் அடைந்திருக்கிறது. 200 கிராம் பவர் பேங்கில் 37. லித்தியம் அயன் பேட்டரி 2019-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பு, 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து எவ்வளவோ இளைத்திருக்கிறது. இருந்தும் கடலைக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. எனவே மின்சாரத்தைத் தூக்குவதைவிடச் செலவைக் குறைப்பதே லாபம்.

செப்டம்பர் 21

சோலார் தகடு நீக்கம். 10 வாட் என்று எழுதியிருப்பது உச்சி வெயில் நேராக விழும்போது. மூட்டையின் முதுகில் கட்டிக்கொண்டு மரநிழலில் நடந்தால் அதில் சிறு பகுதிதான் தேறும். இடுக்கமான பள்ளத்தாக்கில் வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போகும். பத்து, பதினைந்து நாள் ஊர் கண்ணில் படாத பயணத்துக்குத் தகடு நியாயம். ஐந்து நாளைக்குப் பவர் பேங்கே இலகு.

பவர் ஸ்டேஷனும் நீக்கம். 250 வாட் ஹவர் உள்ளது மூன்றரைக் கிலோ வரும். ஒருவரின் மொத்தச் சாப்பாட்டு எடை அது. காரில் போய், கார் பக்கத்திலேயே டென்ட் அடிக்கிறவர்களுக்கு அது அருமையான கருவி. விமானத்தில் பயணிகள் கொண்டுபோகவும் முடியாது: 100 வாட் ஹவர் வரை கைப்பையில் தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கூடாது.

சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி பற்றியும் தம்பி விசாரித்தார். உயிர் காக்கும் பொருள்தான். ஆனால் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து அதைக் கொண்டுவந்து விமான நிலையங்களில் பிடிபட்டவர்கள் உண்டு. அதற்குப் பதில் வீட்டிலும் வழிகாட்டியிடமும் நாள்வாரியான பயணத் திட்டத்தைக் காகிதத்தில் கொடுத்துவிடுவது என்று முடிவானது.

செப்டம்பர் 27

அடுப்பு. சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைக் கொண்டுபோனதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. காய்ந்த புல்லுக்கு எந்தப் பொறி என்று தெரியாது. இமயத்தின் உயர்ந்த புல்வெளிகளில் கருகிய வட்டம் பச்சை பிடிக்க ஆண்டுக்கணக்காகும்.

கேனிஸ்டரில் வைத்துத் திருகும் கைப்பிடியளவு கேஸ் ஸ்டவ் போதும். காற்று மறைத்து வைத்தால் ஒரு லிட்டர் கொதிக்க 15 கிராம் கேஸ். இருவருக்கும் நாளைக்கு மூன்று லிட்டர். ஐந்து நாளைக்கு 225 கிராம். 230 கிராம் கேனிஸ்டர் ஒன்று சரியாக இருக்கும், காற்றுக்கும் குளிருக்கும் இன்னொன்று. அதிலும் சரக்கு பார்த்து வாங்க வேண்டும். வெறும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் கழித்தல் 11 வரையும் புரொப்பேன் கழித்தல் 42 வரையும் தாங்கும். இரண்டும் கலந்த கேனிஸ்டர்தான் குளிருக்கு. விமானத்திலும் ரயிலிலும் கேஸ் ஏற்றக் கூடாது என்பதால் டேராடூனில் வாங்கிக்கொள்வது.

அக்டோபர் 7, ஹர் கி தூன்

கீழே ஓஸ்லா கிராமத்தின் மர வீடுகளையும் கீரைத்தண்டு இனத்துச் செந்நிறக் கதிர்கள் நின்ற வயல்களையும் தாண்டி வந்தாயிற்று. எதிரே ஸ்வர்காரோஹிணிச் சிகரங்கள்.

மாலை ஐந்தரைக்கு வெயில் மலைக்குப் பின்னால் போனதும் குளிர் இறங்கியது. பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் காய்ந்த பருப்புச் சாதத்தைக் கொட்டி, ஒரு கிளறு கிளறி, அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கம்பளிக் குல்லாவுக்குள் வைத்து மூடினார் அக்கா. கால் மணி நேரம். திறந்தபோது சாதம் உப்பி, பருப்பு கரைந்து, ஒரு கரண்டி நெய் விழுந்ததும் வீட்டு வாசனை வந்தது. வழிகாட்டி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். பதிலுக்குத் தன் பையிலிருந்து சத்து மாவை எடுத்து வெல்லத்தோடு பிசைந்து கொடுத்தார்.

1934-ல் இதே கட்வால் மலைகளில் நந்தாதேவியின் உள்வட்டத்துக்கு வழி கண்ட எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் மூன்று ஷெர்பாக்களோடு போனார்கள். ஷெர்பாக்கள் சாப்பிட்ட வறுத்த பார்லி மாவையே அவர்களும் சாப்பிட்டார்கள். பெரும் படையும் டப்பா உணவும் இல்லாமல் மலை ஏறலாம் என்பதற்கு அந்தப் பயணம் இன்றும் சொல்லப்படும் சான்று.

இரவில் போன், பவர் பேங்க், ஹெட்லேம்ப் எல்லாம் காலுறைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள். குளிரில் லித்தியம் பேட்டரி தன் கொள்ளளவில் ஒரு பகுதியைத் தர மறுக்கும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லே நிரந்தரமாகக் கெடும். அதனால் சார்ஜ் போடுவதும் பையின் கதகதப்புக்குள்ளேதான்.

அக்டோபர் 12, மதுரை

மூட்டை பிரித்துக் கணக்கு முடித்தார்கள். பிஸ்கட்டும் பேரீச்சையும் மிச்சம்; கடலை மிட்டாய் மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது. ஒரு பவர் பேங்க் காலி, இன்னொன்றில் பாதி. காலி கேனிஸ்டரும் கடையுறையைக் கிளம்பும் முன்பே உரித்துவிட்டு மறுபடி கட்டிய ஜிப் பைகளும் ஒன்றுவிடாமல் திரும்பி வந்திருந்தன.

அக்டோபர் 13

பத்தாம் வகுப்பு. அக்கா ஒரு வேர்க்கடலையை ஊசியில் குத்திப் பற்றவைத்து, 20 மில்லி தண்ணீர் இருந்த சோதனைக் குழாய்க்கு அடியில் பிடித்தார். கடலை நின்று எரிந்தது. வெப்பமானி 40 டிகிரி ஏறியது. அப்படியென்றால் தண்ணீருக்குப் போனது 0.8 கலோரி, கடலையில் இருந்ததோ மூன்றுக்கு மேல். மீதி எங்கே போனது என்ற கேள்விக்கு வகுப்பே சேர்ந்து விடை தேடியது. காற்றுக்கு, கண்ணாடிக்கு, கரிக்கு என்று கை தூக்கிச் சொன்னார்கள். அடுத்த வாரத்துக்கு எள், கொப்பரைத் துண்டு, அவல், பிஸ்கட் கொண்டுவரும் பொறுப்பைப் பெஞ்சுவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் எரிக்கும் முன் எடை போட, ஆய்வகத்துத் தராசும் பலகையில் வரைந்த மூன்று பத்தி அட்டவணையும் தயாராயின.