ஃபேர்வெல் முடிஞ்ச பிறகு...

ஃபேர்வெல்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு சேஃப்டி பின்தான். செவ்வாய்ப்பேட்டையில நான் படிச்ச ஸ்கூல்ல ப்ளஸ் டூ பொண்ணுங்க அன்னிக்கு ஒரு நாள் மட்டும் புடவை கட்டிக்கலாம். அம்மாவோட பட்டுப்புடவை, அக்காவோட ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தைச்சது, எங்க ஏரியா கொலுசுப் பட்டறைங்க புண்ணியத்துல காலுக்குப் புதுக் கொலுசு. எல்லாத்தையும் கழண்டு விழாம தாங்கிப் பிடிக்க பதினாலு பின்!

விழா எல்லா ஸ்கூல்லயும் ஒரே மாதிரிதான். ப்ளஸ் ஒன் பசங்க ஆளுக்கொரு பட்டம் கொடுப்பாங்க. (எனக்கு 'தூங்குமூஞ்சித் திலகம்'. காரணம் கேக்காதீங்க.) கெமிஸ்ட்ரி மிஸ் அழுவாங்க. வருஷம் பூரா அவங்களைத் திட்டினவங்களும் சேர்ந்து அழுவாங்க. மெழுகுவர்த்தி, குரூப் போட்டோ, ஸ்கூலுக்கு நினைவுப் பரிசா ஒரு சுவர்க்கடிகாரம் (ஸ்டாஃப் ரூம்ல ஏற்கனவே நாலு ஓடுது, நாலும் வேற வேற டைம்), கேக், சமோசா. நாலு மணிக்கு எல்லாரையும் வெளியே அனுப்பி கேட்டைப் பூட்டிடுவாங்க.

ஆனா அது நிஜமான கொண்டாட்டம் இல்லை. பிப்ரவரியில ஃபேர்வெல், மார்ச்ல பொதுத்தேர்வு. பயாலஜி புக்கை மூடாம எவன் கொண்டாடுவான்? நிஜக் கொண்டாட்டம் கடைசிப் பரீட்சை அன்னிக்கு மத்தியானம். வெள்ளைச் சட்டையில இங்க் தெளிக்கிறது, முதுகுல கையெழுத்து வாங்குறது, அப்புறம்... பைக். அந்த மத்தியானத்துக்கு ஸ்கூலும் பொறுப்பில்லை, வீடும் பொறுப்பில்லை. ஹால்ல இருந்து வெளியே வந்தாச்சு, வீட்டுக்கு இன்னும் போகலை. அந்த இடைவெளி யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு நிலம் மாதிரி.

பொண்ணுங்க கதை வேற. எங்களை வாசல்லயே அப்பா, சித்தப்பான்னு யாராவது வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க. இதுல எனக்குக் கோபம் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதறேன். ஆனா எங்களுக்கு இருக்குற கவனிப்புல கால்வாசி பசங்களுக்கு இருந்தாக்கூட நல்லா இருக்கும்னு இப்போ தோணுது.

ஏன்னா, எங்க பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் கடைசிப் பரீட்சை எழுதிட்டு அஞ்சாறு ஃப்ரெண்ட்ஸோட மேட்டூர்ப் பக்கம் காவிரியில குளிக்கப் போனார். திரும்பி வரலை. கரையில கழட்டி வெச்ச சட்டை மட்டும் வீட்டுக்கு வந்தது. முதுகுல பூரா 'ஆல் தி பெஸ்ட் டா', 'மறக்காத மச்சி'ன்னு எழுதியிருக்கும். அவங்க அம்மா அதை இன்னும் துவைக்கலை.

மார்ச் மாசம், அணையில தண்ணி திறப்பே கம்மி, ஆத்துல என்ன பெருசா ஆழம் இருக்கப் போகுதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைன்னு வரிசையா கதவணைகள் இருக்கு. மின்சாரம் எடுக்கத் தண்ணியைத் தேக்கி வெச்சிருப்பாங்க. பூலாம்பட்டியில படகு ஓடுறது அந்தத் தேக்கத்துலதான். மேலே பார்த்தா குளம் மாதிரி அசையாம இருக்கும், ரெண்டடி தள்ளினா கால் எட்டாது. ஊர்க்காரங்களுக்குத் தெரியும். சேலத்துல இருந்து போற நமக்கு எப்படித் தெரியும்?

ஆறு வேண்டாம்னா அடுத்தது ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒண்ணும் ஆகாது. இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்கறேன்னு நியூட்ரல்ல விடுவாங்க பாருங்க, அங்கதான் எமன் நிக்கிறான். எஞ்சின் பிடிக்காததால மொத்த வேகமும் பிரேக் தலையில விழும். பிரேக் சூடாகிப் பிடிப்புக் குறையும். ஏறின கியர்லயே இறங்கணும்னு அப்பா லாரி டிரைவர்கள்கிட்ட கேட்டுச் சொல்வார்.

பதினேழு வயசுல கியர் வண்டி ஓட்டவே லைசென்ஸ் கிடையாது. 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, சின்னப் பசங்க வண்டி ஓட்டிக் குற்றம் பண்ணினா பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ மூணு வருஷம் வரை சிறை, 25,000 ரூபா அபராதம். ஓட்டின பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. ஆனா சட்டத்துக்குப் பயந்து எந்தப் பையன் சாவியை எடுக்காம இருந்திருக்கான்?

அமெரிக்கப் படங்கள்ல 'ப்ராம்'னு ஒண்ணு வருமே, கோட்டு சூட்டு, நீள கவுன், டான்ஸ், வாடகைக்கு நீளமான கார். அங்கேயும் பிரச்சினை டான்ஸ் இல்லை, அதுக்கப்புறம் குடிச்சிட்டு வண்டி ஓட்டுறதுதான். மெய்ன் மாநிலத்துல 1979ல ஸ்கூல் முடிக்கிற சீசன்ல மட்டும் ஒரே பகுதியில ஏழு பேர் குடி, போதையால செத்துப்போனாங்க. அடுத்த வருஷமே அங்க 'ப்ராஜெக்ட் கிராஜுவேஷன்' ஆரம்பிச்சாங்க. குடி இல்லாத கொண்டாட்டம், பொறுப்பு பெரியவங்களோடது. இந்த மாதிரி ராத்திரி விழாக்கள் இப்போ அங்க நிறைய ஊர்ல நடக்குது. ஸ்கூல் ஜிம்மையே விடிய விடிய திறந்து வெச்சு, சாப்பாடு, விளையாட்டு எல்லாம் பெத்தவங்க செலவு. வெளியே போனா திரும்ப உள்ளே வர முடியாது. பெரிய பரிசைக் கடைசியில குலுக்குவாங்க, அதனால எவனும் நடுவுல கிளம்ப மாட்டான். செம ஐடியா இல்ல?

இதுக்கு ஜிம் எல்லாம் வேண்டாம். ஆடியில வண்டி வேடிக்கை அன்னிக்கு செவ்வாய்ப்பேட்டையே ராத்திரி முழுச்சுக் கிடக்கு. அந்தக் கூட்டத்துல சின்னப் பசங்களைப் பார்த்துக்கத் தெரிஞ்ச ஊர், ஒன்பது பசங்களைப் பார்த்துக்காதா?

ஒன்பதுன்னு ஏன் சொல்றேன்னா, என் தம்பி இந்த வருஷம் ப்ளஸ் டூ. 'கடைசி எக்ஸாம், நேரா மேட்டூர்'னு ஒன்பது பேர் திட்டம் போட்டிருந்தாங்க. அம்மா அழுதாங்க, அவன் கத்தினான், மூணு நாள் வீட்டுல பேச்சே இல்லை. அப்புறம் அப்பா மத்தப் பசங்களோட அப்பாக்களுக்குப் போன் போட்டார். ஒரு பையன் வீட்டுக்கு லீ பஜார்ல மண்டி இருக்கு. அன்னிக்கு ராத்திரி குடோனைக் காலி பண்ணித் தர்றாங்க. வாடகை ப்ரொஜெக்டர்ல ரெண்டு படம், கேரம், தட்டுவடை செட், பரோட்டா. வண்டிச் சாவி எல்லாம் ஒரு டப்பாவுல. அஞ்சு மணிக்குக் குலுக்கல், பரிசு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். பெரியவங்க ரெண்டு பேர் வாசல்லயே கட்டில் போட்டுக்குவாங்க, உள்ளே வரக் கூடாது. இந்தக் கடைசிக் கண்டிஷன் பசங்களோடது :)

மேட்டூரும் உண்டு. ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை, பஸ்ல, சித்தப்பா கூட. அணை, பார்க், மீன் வறுவல். தண்ணியில இறங்கறது கிடையாது. தம்பி இன்னும் முழுசா ஒத்துக்கலை, கால் மட்டும் நனைக்கலாமான்னு நேத்து ராத்திரி வரைக்கும் பேரம் பேசிட்டிருந்தான்.