கடலை மிட்டாய்ப் பாகும் கலர் பொடியும்

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பொடி ஒன்றும் புதுசில்லை. கழுகுமலையில் பிறந்து வளர்ந்து தீப்பெட்டி ஆபீஸ் வாசலை மிதிக்காதவர்கள் குறைவு. (வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயரே 'ஆபீஸ்'தான். ஏசி எல்லாம் தேடாதீர்கள்!) பொட்டாசியம் குளோரேட் குச்சியின் தலையில் இருக்கணும், சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கணும், ரெண்டும் ஒரே சட்டியில் சேரவே கூடாது. காலேஜ் பக்கம் போகாத எங்கள் அத்தைமார் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பேர் தெரியாவிட்டாலும் 'மருந்து' என்றால் ஒரு மரியாதை உண்டு.

அடுத்த தலைமுறை வேறு பொடிக்குப் போய்விட்டது. மலிவு லைட்டர் வந்து தீப்பெட்டித் தொழிலைப் படுக்கவைத்த கதை எல்லாருக்கும் தெரியும். 20 ரூபாய்க்குக் கீழே உள்ள லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில்தான் மத்திய அரசு தடை போட்டது. அதற்குள் பையன்கள் கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று பஸ் ஏறிவிட்டார்கள். அதில் பல பேர் சேர்ந்திருப்பது பவுடர் கோட்டிங் வேலையில். பீரோ, கேட், ஃபேன், சைக்கிள், கரண்ட் பெட்டி என்று இரும்பில் செய்த எதற்கும் இப்போது பெயிண்டுக்குப் பதில் அதுதான்.

என் அக்கா மகனும் ஒரு சின்னப் பட்டறையில் அந்த வேலைதான் பார்க்கிறான். பங்குனி உத்திரத்துக்கு வந்தவனுக்குக் காதுக்குள்ளே நீலம். மூக்கைச் சிந்தினால் அதுவும் நீலம். "என்னல இது?" என்றால், "கலர் பொடிதான மாமா... ஹோலிக்குத் தூவுவாங்கள்ல, அது மாதிரி. குளிச்சாப் போயிரும்" என்கிறான்.

இந்த மாதிரிப் பொடியைத் தயாரிக்கிற ஒரு கம்பெனியின் லேபில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். அவனுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கெமிஸ்ட்ரி என்றதும் ஓடிவிடாதீர்கள். கடலை மிட்டாய் தெரிந்தால் போதும், இது புரியும்.

முதல் விஷயம், அது கலர் பொடியே இல்லை. பிளாஸ்டிக் பொடி. பாலியெஸ்டர் ரெசின், அதோடு சேர்ந்து இறுகவைக்கும் ஹார்ட்னர், வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு, கனத்துக்கு பேரியம் சல்பேட், கறுப்பு வேண்டுமானால் கார்பன் பிளாக், குமிழி நிற்காமல் இருக்கக் கொஞ்சம் பென்சாயின். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தப் 'பொடி'. கலர் அதில் ஒரு விருந்தாளி, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சும்மா கலந்து அரைத்தால் ஆகாது. ஒவ்வொரு துகளுக்குள்ளும் எல்லாப் பொருளும் அதே அளவில் இருக்கணும். இங்கேதான் நம்ம கோவில்பட்டி கடலை மிட்டாய் வருகிறது. (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், சாதாரணமா நினைக்காதீங்க.) வெல்லத்தைப் பாகு காய்ச்சி, பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறும் முன்னே பலகையில் கொட்டி, உருளையால் தேய்த்துத் தட்டையாக்கி, ஆறியதும் துண்டு போடுகிறார்கள் அல்லவா? அப்படியே இதுவும். கலந்த சரக்கை எக்ஸ்ட்ரூடர் என்ற மெஷினுக்குள் விட்டால், சுமார் 100 முதல் 120 டிகிரி சூட்டில் ரெசின் பாகாக உருகும். உள்ளே சுழலும் திருகுகள் எல்லாவற்றையும் பிசைந்து தள்ளும். வெளியே வரும் பாகைத் தண்ணீர் ஓடும் ரெண்டு குளிர்ந்த உருளைகளுக்கு நடுவே விட்டால் அப்பளமாக வரும். அதை நொறுக்கினால் சிப்ஸ். சிப்ஸை மில்லில் அரைத்துச் சலித்தால் பொடி.

எக்ஸ்ட்ரூடருக்குள் சரக்கு இருப்பது ஒரு நிமிஷத்துக்கும் குறைவுதான். ஏன் இந்த அவசரம்? ஹார்ட்னர் உள்ளேயே இருக்கிறது. கூடுதல் நேரம் சூட்டில் நின்றால் அங்கேயே இறுக ஆரம்பித்துவிடும். வெல்லப் பாகு இறுகினால் மறுபடி காய்ச்சிக்கொள்ளலாம். இது வேகவைத்த முட்டை மாதிரி, திரும்ப உருகாது. மெஷின் நடுவில் நின்று போய், உள்ளே கல்லாகிப்போன சரக்கை நாலு பேர் நின்று கழற்றிச் சுரண்டிய ராத்திரிகள் உண்டு.

லேபில் என் முதல் வேலையும் பாகு பதம் பார்ப்பதுதான். 200 டிகிரி சூடான தகட்டில் ஒரு சிட்டிகை பொடியைப் போட்டு, ஸ்டாப் வாட்சை அமுக்கிவிட்டு, குச்சியால் கிண்டிக்கொண்டே இருக்கணும். முதலில் உருகும், பிறகு கம்பி இழுக்கும், ஒரு கட்டத்தில் கம்பி பட்டென்று அறுந்துவிடும். அந்த நேரத்துக்குப் பெயர் ஜெல் டைம். எங்க அம்மா பார்த்திருந்தால், "இதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று கேட்டிருப்பாள் :)

சரி, இதில் பிரிண்டர் டோனர் எங்கே வந்தது? ஜெராக்ஸ் கடையில் கொட்டுகிற அந்தக் கறுப்புப் பொடி, நம்ம பவுடரின் ஒன்றுவிட்ட தம்பி. ரெசின் (பெரும்பாலும் ஸ்டைரீன்-அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர்), கார்பன் பிளாக், கொஞ்சம் மெழுகு, மின்னூட்டத்தைச் சரியாகப் பிடித்து வைக்க ஒரு ரசாயனம். உருக்கு, பிசை, ஆற வை, நொறுக்கு, அரை... அதே பாட்டுதான். வித்தியாசம் ரெண்டு. டோனரில் ஹார்ட்னர் கிடையாது. அது உருகிக் காகிதத்தில் ஒட்டினால் போதும், வேகவேண்டியதில்லை. ரெண்டாவது, அரைக்கிற நைஸ். பவுடர் கோட்டிங் பொடி சராசரியாக 30 - 40 மைக்ரான். டோனர் 5 முதல் 10 மைக்ரான் வரைதான். நம்ம தலைமுடியே சுமார் 70 மைக்ரான் கனம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நைசாக அரைக்க மில்லின் சுத்தியல் பத்தாது. அழுத்தக் காற்றில் துகளோடு துகளை மோதவிட்டு உடைப்பார்கள். நம் நாட்டில் இந்தத் தொழில் வெகு தூரத்தில், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் நடக்கிறது. இந்தியன் டோனர்ஸ் அண்ட் டெவலப்பர்ஸ் என்ற கம்பெனி.

அரைக்காமலே டோனர் செய்கிற வழியும் ஒன்று உண்டு. எங்கள் ஊர் வெட்டுவான் கோயில், மலையை மேலிருந்து கீழே குடைந்து எடுத்தது. அரைக்கிற முறை அந்த மாதிரி, பெரியதை வெட்டிச் சின்னதாக்குவது. இன்னொன்று செங்கல் அடுக்கிக் கட்டுகிற வழி. தண்ணீரில் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிளாஸ்டிக் துகள்களை மிதக்கவிட்டு, நிறமியும் மெழுகும் சேர்த்து, அமிலமோ உப்போ விட்டால், எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி திரியும். திரிதிரியாகச் சேர்ந்து வேண்டிய அளவு வந்ததும் காரத்தன்மையைக் கூட்டி வளர்ச்சியை நிறுத்தி, சூடாக்கி உருண்டையாக்கி, கழுவிக் காயவைத்து எடுப்பார்கள். எல்லாத் துகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதால் எழுத்து துல்லியமாக விழும்.

இந்த ரெண்டு பொடிக்கும் உயிர் எது என்றால் பசை இல்லை, மின்சாரம். சீப்பால் தலை வாரிக் காகிதத் துணுக்கைத் தூக்குவோமே, அந்தச் சங்கதிதான். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் முதல் நகலை எடுத்ததும் அப்படித்தான். துத்தநாகத் தகட்டில் கந்தகம் பூசி, அதைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, எழுத்து எழுதிய கண்ணாடித் துண்டை மேலே வைத்து வெளிச்சம் காட்டி, லைக்கோபோடியம் என்ற செடியின் பொடியைத் தூவி ஊதினார். வெளிச்சம் படாத எழுத்து மட்டும் பொடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது ஜெராக்ஸ் 914 என்ற மெஷினாக வர 1959 ஆகிவிட்டது.

அவர் எடுத்த ரெண்டு பொருளையும் கவனியுங்கள். கந்தகம், நம்ம தீப்பெட்டி மருந்தில் உள்ள அதே கந்தகம். லைக்கோபோடியம், நாடக மேடைகளில் குப்பென்று நெருப்புக் காட்ட ஊதின பொடி. படம் பிடித்த பொடிக்கு உள்ளேயே நெருப்பும் இருந்தது!

இதைத்தான் மருமகனுக்குப் புரியவைக்கப் பார்த்தேன். எந்தக் குணத்தால் இந்தப் பொடி வேலை செய்கிறதோ அதே குணம்தான் ஆளையும் அடிக்கும். நைசாக இருப்பது, காற்றில் மிதப்பது, மின்னேறுவது.

மிதப்பதை எடுத்துக்கொள்வோம். கட்டியாக இருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றவைக்கச் சிரமப்படணும். அதையே பொடியாக்கி, ஒரு கனமீட்டர் காற்றில் சில பத்து கிராம் மிதக்கவிட்டு ஒரு பொறி காட்டினால் வெடிக்கும். சர்க்கரைக்கே இதுதான் கதி. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு சர்க்கரை ஆலையில் தூசி வெடித்து 14 பேர் செத்தார்கள். ஹோலிப் பொடி என்றானே, 2015 ஜூனில் தைவானில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில் சோளமாவில் செய்த கலர் பொடியைக் கூட்டத்தின் மேல் தூவியபோது பற்றிக்கொண்டது. 15 பேர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் ஐநூறு பேர் அளவில்.

பட்டறையில் பொறி எங்கிருந்து வரும்? கையில் இருக்கிற கன் 60,000 முதல் 1,00,000 வோல்ட் வரை கொடுக்கிறது. தொங்குகிற சாமானுக்கு எர்த் சரியாக இருந்தால் பொடி ஓடிப்போய் ஒட்டும். மாட்டுகிற ஹூக்கில் பழைய கோட்டிங் அடை அடையாய்ப் படிந்திருந்தால் எர்த் போகாது. பொடியும் ஒட்டாது, பொறியும் வரலாம். அடிக்கிற ஆளுக்கும் எர்த் வேணும். கன்னின் கைப்பிடி வழியாகத்தான் அது கிடைக்கிறது. கனமான ரப்பர் கிளவுஸ், ரப்பர் செருப்பு போட்டு அடித்தால் நம்ம உடம்பே மின்னேறிய தகடு.

அடுத்தது மூச்சு. பொடியில் 10 மைக்ரானுக்குக் கீழே கொஞ்சம் நைஸ் எப்பவும் இருக்கும். அது மூக்கோடு நிற்காது, நுரையீரல் வரை போகும். பாலியெஸ்டர் பொடிகளில் ஹார்ட்னராக டிஜிஐசி என்று ஒன்று போடுவார்கள், 93 பங்கு ரெசினுக்கு 7 பங்கு என்ற கணக்கில். மரபணுவைக் கெடுக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் 1990-களின் கடைசியில் வகைப்படுத்தினார்கள். தோலில் ஒவ்வாமை, ஆஸ்துமா எல்லாம் வரவைக்கும். அங்கே பெரும்பாலும் எச்ஏஏ என்ற வேறு ஹார்ட்னருக்கு மாறிவிட்டார்கள். ஓவனில் வெந்து இறுகிய பிறகு பயமில்லை, உங்கள் வீட்டுப் பீரோவைத் தாராளமாகத் தொடலாம். ஆபத்து வேகாத பொடியில்தான், அதாவது அடிக்கிற பையனின் மூக்கில்தான்.

அவன் பட்டறையில் கொடுத்திருப்பது கைக்குட்டை மாதிரி ஒரு துணி. வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் உடம்பெல்லாம் ஊதிக்கொள்வார்களாம். "எல்லாரும் அப்படித்தான் மாமா செய்வோம், சுத்தமாப் போயிரும்ல." எங்கே போகும்? காற்றில் போகும், பக்கத்தில் நிற்கிறவன் மூச்சில் போகும்.

வேலையை விடச் சொல்லவில்லை. விட்டுவிட்டு என்ன செய்வான்? வானம் பார்த்த கரிசலில் உளுந்து போட்டு அவன் தாத்தா பட்டது போதும். நல்ல தொழில்தான் இது. தின்னர் நாற்றம் இல்லை, சிந்தின பொடியைத் திரும்ப எடுத்து அடிக்கலாம், பெயிண்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது இந்த வேலையில் இருந்தால் ஊருக்கு வரும்போது நாலு கேள்வி கேளுங்கள்:

1. முகத்தில் போடுவது துணியா, தூசிக்கான ஃபில்டர் மாஸ்க்கா?

2. பூத்தின் ஃபேன் நின்றால் கன்னும் தானாக நிற்குமா?

3. ஹூக்கைச் சுத்தம் பண்ணி எத்தனை நாள் ஆச்சு? எர்த்தை யாராவது மீட்டர் வைத்துப் பார்க்கிறார்களா?

4. பொடி வந்த பெட்டியின் லேபிளில் ஹார்ட்னர் என்ன, எச்சரிக்கை என்ன என்று படித்தானா?

நாலுக்கும் பதில் தெரியாமல் முழித்தால், அடுத்த தடவை முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலு பேராகப் போய்க் கேட்கட்டும். மாஸ்க்கின் விலை ஒரு பெட்டிப் பவுடரின் விலையில் எத்தனையில் ஒரு பங்கு என்று முதலாளிக்கே தெரியும்.

தீப்பெட்டி ஆபீசில் மருந்துக்கு நாம் கொடுத்த மரியாதை சும்மா வந்ததில்லை. எத்தனையோ வீட்டில் இழவு விழுந்த பிறகு வந்த மரியாதை அது. புதுப் பொடிக்கும் அதே விலை கொடுத்துத்தான் கற்றுக்கொள்ளணும் என்று ஒன்றுமில்லை.

பி.கு: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு. டோனர் சட்டையில் கொட்டினால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரில் போட்டால் பிளாஸ்டிக் இளகித் துணியில் அப்பிக்கொள்ளும். தரையில் கொட்டினால் வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் பை அவ்வளவு நைசைப் பிடிக்காது, அப்படியே திருப்பி அறை முழுக்க ஊதிவிடும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், போதும்.