மரவாத்தும் ரைஹாலும்

12 வயதான எமது மகனுக்குத் தச்சு வேலையில் பெருவிருப்பம். விடுமுறை நாட்களில் கொல்லைப்புறத்தில் உளியும் கையுமாகவே இருப்பான். அமெரிக்க வேட்டைக்காரர்கள், பறந்து செல்லும் வாத்துகளைக் கீழிறங்கச் செய்வதற்காக நீரில் மிதக்கவிடும் மரவாத்துகளைச் செதுக்கும் காணொளி ஒன்றை அவன் பார்த்திருக்கிறான். பூவரசங்கட்டை ஒன்றில் தானும் ஒரு வாத்தைச் செதுக்கி, வண்ணம் பூசி, உலர்வதற்காக எமது கிதாபுகள் உள்ள அலமாரியின்மேல் வைத்திருந்தான்.

மதரஸாவிலிருந்து திரும்பிய நாம் அதைக் கண்டதும் சினங்கொண்டோம். "ஓதிக்கொடுப்பவர் வீட்டில் சிலையா?" என்று உரத்த குரலில் கேட்டோம். உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்வோர் பற்றிய நபிமொழி எச்சரிக்கைகளை அடுக்கினோம். அவன் மறுமொழி ஏதும் கூறவில்லை. வாத்தை எடுத்துச் சென்று வெந்நீர் அடுப்பில் இட்டுவிட்டான்.

அன்றிரவு எமது நான்கு வயது மகள் அழுதுகொண்டே வந்தாள். "வாப்பா, காக்கா எனக்குச் செஞ்ச வாத்து எங்கே?" என்றாள்.

நாம் திகைத்துப்போனோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. அதனடிப்படையில் சிறுவரின் விளையாட்டுப் பொருள்களுக்கு மார்க்க அறிஞர் பலர் சலுகை அளித்துள்ளனர். இப்பாடத்தை மாணவர்களுக்குப் பலமுறை நடத்திய நாம், "இது யாருக்காக?" என்ற ஒரு கேள்வியை எம் பிள்ளையிடம் கேட்கத் தவறினோம். வளர்த்த சிறு குருவி இறந்ததால் வாடிய அபூ உமைர் என்னும் சிறுவரிடம் அன்புடன் பேசி ஆறுதலளித்த நபியின் உம்மத்தில் உள்ள ஒருவர் நடந்துகொள்ளும் முறையா இது?

ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் மகனை அருகில் அமர்த்தி வருத்தம் தெரிவித்தோம். நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பதையும், மஸ்ஜிதுந் நபவியின் மிம்பர் காட்டு மரத்தால் ஒரு தச்சர் செய்தது என்பதையும் கூறினோம். பிறகு, "நாம் இருவரும் சேர்ந்து ஒரு ரைஹால் செய்வோமா?" என்று கேட்டோம். தயக்கத்துடன் தலையசைத்தான்.

ஆணியோ பசையோ இன்றி, ஒரே பலகையில் செய்யப்படுவது ரைஹால். 1½ அங்குலக் கனமுள்ள பலகையின் நடுவே ஐந்து கீல் விரல்களைக் குறித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இருபுறமும் உளியால் செதுக்க வேண்டும். பின்னர் இரு முனைகளிலிருந்தும் பலகையின் கனத்தை ரம்பத்தால் நடுவே பிளந்துகொண்டு கீல் வரை வர வேண்டும். அளவு தவறாதிருந்தால் பலகை இரண்டாக விரியும், ஆனால் பிரியாது. கோட்டைச் சற்றுத் தாண்டினாலும் விரல் முறிந்து, மொத்தப் பலகையும் வீணாகிவிடும்.

மூன்று நாள் உழைப்பில் மகன் செதுக்கிய கீல், எமது ரம்பம் பிசகியதால் முறிந்தது. எமக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அவனோ முறிந்த துண்டைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை வாப்பா, இன்னொரு பலகை இருக்கு" என்றான். அவனுடைய வேலையில் குறை கண்டபோது அத்தகைய ஒரு சொல் எம் வாயிலிருந்து வரவில்லையே!

இரண்டாம் பலகை விரிந்தது. கீல் சற்று இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இன்று எமது மகள் அதன்மீது யஸ்ஸர்னல் குர்ஆனை வைத்து அலிஃப், பா ஓதுகிறாள். இடையிடையே வாத்தையும் கேட்கிறாள். அவளுக்கு மற்றொன்று செய்து தருமாறு மகனிடம் கூறினோம். "பார்க்கலாம் வாப்பா" என்கிறான். இன்னும் கட்டையைக் கையிலெடுக்கவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

மார்க்கச் சட்டத்தை எடுத்துரைப்பது நம் கடமை. அதை மென்மையுடனும் விசாரித்தறிந்தும் உரைப்பதும் அதே மார்க்கம் கற்பித்ததே. நம் பிள்ளைகளின் கைத்திறனிலும் நம் நாவுகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.