கட்டிப் பழகிய புடவைகள்

அரியலூருக்குப் புதிதாகக் குடிவருகிற பெண்ணுக்கு முதலில் கிடைப்பது ஜாக்கெட் பிட். எதிர்வீட்டில் வளைகாப்பு, பக்கத்துத் தெருவில் காதுகுத்து, ஆடி வெள்ளிக்குக் கூப்பிட்ட ஒரு வீடு என்று போன இடமெல்லாம் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு ஒரு பிட் வந்தது. நான் பழந்துணியில் போர்வை தைப்பவள் என்று தெரிந்த பிறகு இன்னும் குவிந்தது. "துணிதானே வேணும் ஒங்களுக்கு, இந்தாங்க" என்று பீரோவின் அடித்தட்டிலிருந்து மடிப்புக் கலையாத பிட்டுகளை எடுத்துத் தந்தார்கள். வீடு வீடாகக் கைமாறி வந்தவை, பெரும்பாலும் பாலியஸ்டர். ஊசி வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது. கொடுத்தவர்களின் மனசு நல்ல மனசு. எனக்கு வேண்டியிருந்ததோ கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, கஞ்சியெல்லாம் போய்ப் பூவாகிவிட்ட நூல்புடவை.

அதை வாய்விட்டுக் கேட்க முடியாது. உடுத்திய துணியை முன்பின் தெரியாதவள் கையில் யாரும் கொடுப்பதில்லை. ஏவல், செய்வினை என்ற பயம் ஒரு பக்கம். நம்மைப் போன்ற வீட்டுக்குக் கட்டினதைக் கொடுத்தால் அவர்களைத் தாழ்த்தினதாக ஆகுமே என்ற கூச்சம் இன்னொரு பக்கம். அதனால் பழைய புடவையெல்லாம் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போய், எவர்சில்வர் தூக்குவாளியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே அந்த மூட்டையைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். நைந்த சுங்குடி ஒன்று, ஓரம் மட்டும் கிழிந்த கோ-ஆப்டெக்ஸ் கட்டம் போட்டது ஒன்று, எல்லாம் கண்முன்னே சைக்கிளில் ஏறிப் போகும்.

நான் வளர்ந்தது புனேயில், கட்கிப் பக்கம். வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டியை எல்லோரையும் போல நானும் ஆஜி என்றுதான் கூப்பிடுவேன். அவர் கோதடி தைப்பார். ஒன்பது கஜப் புடவைகளை நாலைந்து அடுக்காக வராந்தாவில் விரித்து, சுருக்கம் நீவி, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். உடம்பின் கனம்தான் துணி நகராமல் பிடித்து வைக்கும். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டு நடுவுக்கு வருவார். தைத்து வர வர அவரும் உள்ளே நகர்ந்துகொண்டே இருப்பார். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹலியால் பக்கம் சித்தி என்னும் இனத்து மக்கள் தைக்கும் கவந்தியும் இப்படித்தான் ஓரத்திலிருந்து உள்ளே வரும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர்கள் நாலு மூலையிலும் சின்னச் சின்னத் துணிமடிப்பை வைத்து முடிப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம்.

கல்யாணமாகி ரயிலில் வந்து இறங்கியது அரியலூரில். கணவருக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. 2007 நவம்பர் 23 அன்று அரியலூர் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமாகி, கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. 2001இல் ஒருமுறை பிரித்து, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அந்தப் பெரம்பலூரே 1995இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது. வயதானவர்கள் இன்னும் "திருச்சி ஜில்லா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்த ஊரே தன் எல்லையைப் பழகிக்கொண்டிருந்தது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

புனேயின் டிசம்பருக்குத் தைத்த கோதடி இங்கே செல்லாது. சித்திரையில் சுண்ணாம்புப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியில் திருப்பிக் கக்கும். ஜனங்கள் மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுப்பார்கள். மார்கழி விடிகாலையில் மட்டும் ஒரு போர்வை தேடும். நான் அடுக்கைக் குறைத்தேன். நாலு இரண்டானது, போர்வை விரிப்பானது. தரையின் சூடு ஏறாமல் இருக்கவும், பாயின் கோரை முதுகில் குத்தாமல் இருக்கவும் அதுவே போதும்.

நிறமும் மாறியது. பழைய சுரங்கம் ஒன்றின் வெட்டு முகத்தைப் பார்க்கப் போயிருந்தோம். மேலே கரிசல், கீழே காவி, அதற்குக் கீழே வெளிர்மஞ்சள், சாம்பல், அழுக்கு வெள்ளை என்று பட்டை பட்டையாக இறங்கியது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததன் மிச்சம் அது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் போன மரம் கிடக்கிறது. 1940இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். சுரங்கத்தில் பார்த்த அந்தப் பட்டைகளை அதே வரிசையில் ஒரு விரிப்பில் வைத்தேன். கைவசம் இருந்த துணியில் காவி சரியாக அமைந்தது. அந்த அழுக்கு வெள்ளை மட்டும் அமையவே இல்லை. புதுத்துணியில் அந்த வெள்ளை கிடையாது. வருஷக்கணக்கில் துவைத்த வேட்டியில்தான் அது வரும்.

தையல்கடைத் துண்டுகளுக்காக பஸ் ஏறிப் பெரம்பலூர் போவேன். வழியெல்லாம் மக்காச்சோளமும் பருத்தியும். பஸ் நிலையத்தில் ஒருநாள் நரிக்குறவர் குடும்பம் ஒன்று ஊசி, பாசி பரப்பி உட்கார்ந்திருந்தது. குழந்தையைக் கிடத்தியிருந்த துணி ஒட்டுப்போட்டுத் தைத்தது. தையலைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அதே ஓட்டுத்தையல், ஆஜியின் கை. அவர்கள் தங்களுக்குள் பேசியதில் எனக்குப் பாதி புரிந்தது. மராத்தி, குஜராத்தி வகையைச் சேர்ந்த மொழி அது. நான் மராத்தியில் ஒரு வார்த்தை சொன்னதும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, துணியைத் திருப்பிப் பின்பக்கத் தையலைக் காட்டினார். தைக்கிறவள்தான் பின்பக்கத்தைக் காட்டுவாள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் வர 2023 ஆகிவிட்டது. இத்தனை நூற்றாண்டாக இந்த மண்ணில் இருப்பவர்களுக்கே அவ்வளவு காலம் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

கோயில் தேரில் தொங்கும் தொம்பையைக் கிட்டே போய்ப் பார்த்தபோதும் இதேபோல நின்றிருக்கிறேன். சிவப்பு மேல் வெள்ளை, அதன் மேல் பச்சை என்று வெட்டி வைத்துத் தைத்த யாளி, தாமரை. ஒட்டுத்தையல் இந்த மண்ணில் இல்லாத கலையல்ல. சாமிக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

பின்கட்டு வீட்டில் ஒரு அம்மாயி இருந்தார். வருஷங்களை அவர் ரயிலை வைத்துத்தான் கணக்குப் பண்ணுவார். 1956இல் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததே, லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டுப் போனாரே, அந்த விபத்து. "ரயிலு கவுந்ததுக்கு மறுவருசம் எனக்குக் கண்ணாலம்" என்பார். பேத்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சமயம், ஒரு மத்தியானம் மஞ்சள் பையோடு வந்து என் திண்ணையில் உட்கார்ந்தார்.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. நாலு தலைமுறை பார்த்தவரின் பழம்புடவையில்தான் முதலில் கிடத்துவார்கள். துணியும் மெத்தென்று இருக்கும், ஆயுசும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. "கிழிச்சு நாலா மடிச்சுப் போடுறதுதான் வழக்கம். நீ தைக்கிறியே, தச்சுக் குடேன்" என்றார். பைக்குள் மூன்று நூல்புடவை, அடியில் கூறைப்புடவை. கூறைநாட்டுக் கட்டம், பாதி நைந்து, ஓரம் மட்டும் கெட்டியாக இருந்தது.

அதை எங்கே வைப்பது என்றுதான் பேச்சு நீண்டது. கால்மாட்டில் வைத்தால் ஜரிகை முகத்தில் குத்தாது என்றேன். "கூறப்பொடவ கால்ல படலாமாம்மா?" என்று பதறிவிட்டார். தலைமாட்டில் வைத்தால் குத்தும். கொஞ்ச நேரம் துணியை விரலால் நீவிக்கொண்டே இருந்தவர், நகத்தால் ஜரிகை இழையை நெம்பி, தானே ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார். பொழுது சாயும்வரை உருவினோம். உருவியதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அமெரிக்காவில் 1840கள் வாக்கில் மேற்கே குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு, ஊரில் தங்கியவர்கள் துண்டு துண்டாகத் தங்கள் பெயரை எழுதித் தைத்த போர்வையைக் கொடுத்து அனுப்பியதாகப் படித்திருக்கிறேன். போகிறவளுக்கு நினைவுக்காகக் கொடுத்தது. எனக்கு வந்து சேர்ந்த ஊர் கொடுத்தது.

அந்தக் குழந்தை விரிப்பை வந்து பார்க்காதவர் தெருவில் இல்லை. அதற்குப் பிறகு எதிர்வீட்டு டீச்சர் அம்மா தன் மாமியாரின் சுங்குடிகளைக் கொண்டுவந்தார். வாரியங்காவலில் தறி வீட்டில் பிறந்து இங்கே வாழ வந்த பெண் ஒருத்தி, பாவு தீர்ந்த பின் மிஞ்சும் நூலை அப்பாவிடம் கேட்டு வாங்கி வந்தாள். யார் வீட்டுப் புடவை எந்த விரிப்பில் போனது என்று ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே ஒரு விரற்கடைத் துணியை ஒட்டி வைக்கிறேன். மத்தியானத்தில் இப்போது மூன்று பேர் வந்து உட்காருகிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கச் சொன்னால் தறி வீட்டுப் பெண் கேட்பதில்லை. பாவு போல நீளவாக்கில்தான் தைக்கிறாள், தையலும் இறுக்கமாகத்தான் விழுகிறது. ஆவணியில் அவளுக்கும் நாள் குறித்திருக்கிறார்கள். அவளுடைய அம்மாவின் புடவைகளை ஊறப்போட்டிருக்கிறேன்.